சேற்றுப்புண்ணும் சீனி உருண்டையும்

சுண்ணாம்புக்குளம் முதல் பழவேற்காடு வரை, ஏரிக்கரைச் சிற்றூர்களில் வலை இழுப்போரின் கால்விரல் இடுக்கைக் காணுங்கள்! வெந்து வெளுத்த தோல், வெடிப்பு, ஓயாத அரிப்பு. சேற்றுப்புண் என்கிறோம். நீரில் ஊறிய தோலில் குடியேறும் பூஞ்சை அதனை வளர்க்கிறது. அந்தப் பாட்டாளியின் கையில் நாம் கொடுப்பது மருந்தா, மயக்கமா? வரலாற்றைக் கேட்போம்.

ஒத்ததை ஒத்ததே தீர்க்கும் என்ற கொள்கையை 1796-இல் வெளியிட்டார் செருமானிய மருத்துவர் ஹானிமன். மருந்தை நூறில் ஒரு பங்காக நீர்த்து, அதனை மீண்டும் நூறில் ஒரு பங்காக்கி, முப்பது முறை தொடர்ந்தால் வீரியம் ஏறும் என்பது ஓமியோபதி. பன்னிரண்டு படி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதும் அரிது என்பது வேதியியல்.

எது மெய்? 1835-இல் நியூரம்பர்க் நகரத்தார் சோதித்தனர். நூறு புட்டிகள், பாதியில் முப்பது படி நீர்த்த உப்பு, பாதியில் வெறும் பனி உருகிய நீர். எதில் எது என்று கொடுத்தவரும் அறியார், குடித்தவரும் அறியார். முடிவு சொன்னவர் 50 பேர். 42 பேர் எந்த மாற்றமும் உணரவில்லை. ஏதோ உணர்ந்த எண்மரில் மூவர் குடித்ததோ வெறும் நீர்! மனம் செய்யும் மாயத்தை மருந்தின் கணக்கில் எழுதலாகாது என்பதே அச்சோதனை தந்த பாடம்.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்தது. தக்காளியை அழுகச் செய்யும் பூஞ்சையை ஓமியோபதி மருந்துகளால் தடுக்கலாம் என்று 1976-இல் கன்னா, சந்திரா இருவரும் எழுதினர். பூஞ்சைக்கு மனமில்லை, மயங்காது. ஆயினும் இத்தகைய ஆய்வு எதைப் படித்தாலும் நாம் ஒன்று கேட்க வேண்டும். அம்மருந்துகள் பெரும்பாலும் சாராயத்தில் கரைந்தவை. சாராயமே பூஞ்சையை ஒடுக்கும். எனவே மருந்திட்ட தட்டு ஒன்று, அதே அளவு வெறும் சாராயமிட்ட தட்டு ஒன்று, ஏதுமிடாத தட்டு ஒன்று என மூன்றையும் அருகருகே வைத்தனரா? வேறோர் ஆய்வுக்கூடத்திலும் அதே விளைவு கிட்டிற்றா?

தேர்வில் வென்ற மருந்தும் உண்டு. 1939-இல் ஒரு பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது கிரிசியோபல்வின். 1958-இல் ஜென்டில்ஸ் என்பார் படர்தாமரை கண்ட கினிப்பன்றிகளுக்கு அதனை ஊட்டி, நோய் தணிவதைக் காட்டினார். பின்னர் மாந்தரிடத்தும் அது பலித்தது. 2015-இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழுவோ, ஓமியோபதி எந்த நோய்க்கும் பயன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றில்லை என்றது.

தோழர்களே! மந்திரித்த திருநீற்றிடம் சான்று கேட்ட நாம், சீனி உருண்டையிடம் கேட்கக் கூசலாமா? சித்த மூலிகையாயினும் சீமை மாத்திரையாயினும் ஒரே தராசுதான். காலை உலர்த்தச் சொல்வோம். அரசு மருத்துவமனைக்கு வழி காட்டுவோம். ஏழையின் கால் எவருடைய நம்பிக்கைக்கும் பலியாக வேண்டாம்!