தேவனாம்பட்டினத்தில் ஒரு கணிதவியலாளர்

கடலூரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரின் முன்னால் நிற்பது பீரங்கிக் குண்டு. 1690-ஆம் ஆண்டு, கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்தருகே இருந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு அதைச் சுற்றியிருந்த நிலமும் விற்பனையில் அடங்கியது. எவ்வளவு நிலம் என்பதற்கு வேலிக் கணக்கோ குழிக் கணக்கோ சொல்லப்படவில்லை. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கியின் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது உடன்படிக்கை. எலிஹு யேல் ஆளுநராக இருந்த சென்னையிலிருந்து நல்ல பீரங்கியொன்று அனுப்பப்பட்டது. பீரங்கிக்காரன் தன் கைத்திறன் முழுவதையும் காட்ட வேண்டும் என்ற அறிவுரையும் உடன் வந்தது. குண்டுகள் நாலாபுறமும் பறந்தன. கடலூர்ப் பட்டினமும் பல கிராமங்களும் எல்லைக்குள் வந்தன. அக்கிராமங்கள் நெடுங்காலம் 'குண்டு கிராமங்கள்' என்றே வழங்கின. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

அன்று அந்தப் பீரங்கியைச் சுட்டவனுக்குத் தன் குண்டு ஏன் அவ்வளவு தூரம் போனது, ஏன் அதற்குமேல் போகவில்லை என்று சொல்லத் தெரிந்திருக்காது. உலகில் அப்போது யாருக்குமே அது சரியாகத் தெரியாது. அந்தக் கேள்விக்கு முதன்முதலாகச் செம்மையான விடை கண்ட மனிதர், சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, அதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஓராண்டுக்குப் பின் அங்கேயே இறந்தும் போனார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். அறிவியல் வரலாறு அவரை நவீன எறிபடையியலின் தந்தை என்று குறிப்பிடுகிறது. நம் வட்டார வரலாற்றிலோ அவர் பெயர் அநேகமாக இல்லை.

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், போரை மறுக்கும் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தவர். நியூட்டனின் கணிதத்தைக் கற்று, அதற்காக வாதாடி, இளம் வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். வுல்விச்சில் 1741-இல் தொடங்கிய ராணுவக் கல்விக்கூடத்தில் அரண் அமைப்பியல் பேராசிரியர் பதவியை எதிர்பார்த்தார். அது வேறொருவருக்குப் போயிற்று. அரசை எதிர்த்து அவர் எழுதிய பிரசுரங்களே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. அடுத்த ஆண்டு, 1742-இல், 'பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்' என்னும் சிறு நூலை வெளியிட்டார்.

அந்நூலின் மையத்தில் இருந்த கருவி எவரும் செய்யக்கூடியது. கனமான மரப்பலகை ஒன்றைக் கடிகாரத்தின் ஊசல்போலத் தொங்கவிட வேண்டும். அதன்மீது துப்பாக்கியால் சுட வேண்டும். குண்டு பலகையில் புதைந்து அதை ஆட்டும். பலகை எவ்வளவு தூரம் பின்னால் ஆடியது என்பதைக் கீழே கட்டிய நாடாவின் நீளத்தால் அளந்துகொண்டால், குண்டின் எடையையும் பலகையின் எடையையும் வைத்து, குண்டு வந்த வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வேகம் அன்று முதல் மனிதனுக்கு எண்ணாகக் கிடைத்தது.

அந்த எண் பழைய நம்பிக்கை ஒன்றை உடைத்தது. எறியப்பட்ட பொருள் பரவளைய வடிவில் செல்கிறது, காற்றின் தடை புறக்கணிக்கத்தக்கது என்று கலிலியோவுக்குப் பின் வந்த பீரங்கி நூல்கள் ஓதிவந்தன. நொடிக்கு 1700 அடி வேகத்தில் புறப்படும் துப்பாக்கிக் குண்டு, காற்றே இல்லாத வெளியில் சுமார் 17 மைல் போக வேண்டும் என்பது கணக்கு. உண்மையில் அது அதில் மிகச் சிறு பங்கையே எட்டியது. எஞ்சிய தூரத்தைக் காற்று தின்றுவிடுகிறது. அதிவேகத்தில் பறக்கும் பெரிய குண்டின்மீது காற்றின் தடை, குண்டின் எடையைப் போல் 20 மடங்குக்கும் மேலாகிறது என்று ராபின்ஸ் காட்டினார். ஒலியின் வேகத்தை நெருங்குகையில் அத்தடை திடீரெனக் கூடுவதையும் அவர் கண்டுகொண்டார். குழலின் உட்சுவரில் திருகுவரி வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்று விளக்கிய கட்டுரையை 1747-இல் ராயல் சொசைட்டியில் படித்தார். இந்த உத்தியில் முதலில் தேர்ச்சி பெறும் நாடே போர்களில் மேலோங்கும் என்றும் அதில் எச்சரித்தார்.

பெர்லினில் இருந்த மாமேதை ஆய்லர், தம் நூலொன்றை ராபின்ஸ் கடுமையாகத் தாக்கியிருந்தார் என்பதையும் பொருட்படுத்தாமல், 1745-இல் 'புதிய கோட்பாடு'களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு நீண்ட விளக்கவுரையுடன் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டி ராபின்ஸுக்குக் காப்லி பதக்கம் அளித்தது.

இத்தகைய மனிதர் தேவனாம்பட்டினத்துக்கு ஏன் வந்தார்? கம்பெனியின் அச்சம் அவரை அழைத்துவந்தது. 1746 செப்டம்பரில் லா போர்தொனேயின் கப்பல்கள் சென்னையைச் சில நாட்களில் பிடித்துவிட்டன. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு எஞ்சிய பெரிய பற்றுக்கோடு புனித டேவிட் கோட்டை ஒன்றே. கம்பெனியின் தலைமையிடம் அங்கே மாறியது. 1752 வரை அங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து தப்பிவந்த எழுத்தர்களுள் ராபர்ட் கிளைவும் ஒருவர். புதுச்சேரியிலிருந்து டூப்ளே மீண்டும் மீண்டும் இக்கோட்டைமீது படை அனுப்பினார். கடலூருக்கும் புதுவைக்கும் இடைப்பட்ட சில காதத் தூரத்தில் அன்று நிலவிய பதற்றத்தை உணர விரும்புபவர்கள், டூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த ஆண்டுகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

உடன்படிக்கையின்படி சென்னை திரும்பக் கிடைத்தபோது லண்டனில் இருந்த இயக்குநர்கள் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். கொத்தனார்களின் அனுபவ அறிவை மட்டும் நம்பிக் கட்டிய மதில், கணிதம் அறிந்து சுடப்படும் பீரங்கிக்கு முன் நிற்காது. எனவே ஐரோப்பாவிலேயே அத்துறையில் முதன்மையானவரைத் தங்கள் தலைமைப் பொறியாளராக அமர்த்திக்கொண்டார்கள். மிளகும் துணியும் விற்கும் ஒரு வணிக நிறுவனம், தன் கோட்டையைக் காக்க ஓர் ஆராய்ச்சியாளரைச் சம்பளத்துக்கு வைத்தது. அரசும் தொழில் நிறுவனமும் ஆய்வுக்கூடமும் கைகோப்பது பற்றி இன்று நாம் நிறையப் பேசுகிறோம். அதன் தொடக்ககால நிகழ்வுகளில் ஒன்று நம் கெடிலக்கரையில் நடந்தது.

ராபின்ஸ் வானியல் கருவிகளையும் சோதனைக் கருவிகளையும் உடன் எடுத்துக்கொண்டு, 1750 ஜூலையில் கரையிறங்கினார். புனித டேவிட் கோட்டைக்கும் சென்னைக்கும் புதிய அரண்களுக்கான வரைபடங்களைத் தீட்டினார். வெயிலும் காய்ச்சலும் அவருக்கு அதிக அவகாசம் தரவில்லை. 1751 ஜூலை 29-ஆம் நாள், நாற்பத்து நான்கு வயதில், அக்கோட்டையிலேயே இறந்தார். இயக்குநர்களுக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவுடன் உயிர் பிரிந்ததாகச் சொல்வார்கள். அடுத்த மாதமே கிளைவ் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டார். வரலாறு அவரைப் பின்தொடர்ந்து போய்விட்டது. ராபின்ஸை மறந்தது.

கோட்டை என்ன ஆயிற்று? 1758 ஏப்ரல் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் இறங்கினார். மே மாதத் தொடக்கத்தில் கடலூர் வீழ்ந்தது. ஜூன் 2-ஆம் நாள் புனித டேவிட் கோட்டை சரணடைந்தது. பெருஞ்செலவில் வலுவூட்டிய அரண் ஏறத்தாழ ஒரு மாதமே தாங்கியது. முற்றுகையின் தொடக்கத்திலேயே வெடிமருந்து வீணடிக்கப்பட்டது. வெடிகுண்டு வீச்சில் தண்ணீர்த் தொட்டிகள் பாழாயின. காவற்படையில் கட்டுப்பாடு இல்லை. கடல்வழி உதவி வந்து சேரவில்லை. லாலி கோட்டையைத் தகர்த்துத் தள்ளினார். கணிதம் வரைந்த கொத்தளங்களைக் காப்பாற்றத் தண்ணீரும் ஒழுங்கும் வேண்டியிருந்தன.

இந்த இடத்தில் சிதம்பரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தில்லைக் கோயிலின் மதில்களும் கோபுரங்களும் பீரங்கியை மனத்தில் கொண்டு எழுப்பப்பட்டவை அல்ல. ஆயினும் கர்நாடகப் போர்க்காலம் முழுவதும் ஒவ்வொரு படையும் அக்கோயிலைக் கோட்டையாகவே பாவித்தது. 1781 ஜூனில், வந்தவாசியில் லாலியை வென்ற அதே அயர் கூட், ஹைதர் அலியின் காவற்படை இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். அதைப் பிடிக்க முடியாமல் இழப்புகளோடு பரங்கிப்பேட்டைப் பக்கம் பின்வாங்கினார். ஜூலை 1-ஆம் நாள் பரங்கிப்பேட்டைப் போரில் அவர் ஹைதரை வென்றது வேறு கதை. அறிவியல் கட்டிய அரண் வீழ்ந்த கரையிலேயே, பக்தி கட்டிய மதில் ஒரு தாக்குதலைத் தாங்கியது. இதனால் அறிவியல் வீண் என்று முடிவுகட்டுவது பிழை. உள்ளே இருந்தவர்களின் உறுதிக்கும் ஒழுங்குக்கும் இதில் பங்குண்டு என்பதையே இது காட்டுகிறது.

அப்படியானால் ராபின்ஸின் ஓராண்டு வீணா? அதற்கு விடை ஜான் கால் என்ற இளைஞனிடம் இருக்கிறது. ராபின்ஸ் இங்கிலாந்திலிருந்து புறப்படும்போது ஏறத்தாழப் பதினெட்டு வயதான இவனைத் தம் எழுத்தராக அழைத்து வந்தார். ஓராண்டுதான் அருகில் இருந்தான். கோட்டைகளின் வரைபடங்களையும் கணக்குகளையும் எழுதிப் படியெடுத்துக் கற்றான். சில ஆண்டுகளில் சென்னையின் தலைமைப் பொறியாளர் ஆனான். புனித டேவிட் கோட்டையைத் தகர்த்த அதே லாலி 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டபோது, ஜார்ஜ் கோட்டையின் அரண்களைப் பொறுப்பேற்றுக் காத்தவன் அவன். இரண்டு மாதம் போராடிய லாலி 1759 பிப்ரவரியில் திரும்ப வேண்டியதாயிற்று. ஆசான் வரைந்த கோட்டை மண்ணானது. ஆசானிடம் பயின்ற கை இன்னொரு கோட்டையைக் காத்தது.

எஞ்சிய மற்றொன்று நூல். 1783-இல் கடலூர்க் கரையில் புஸ்ஸியின் படையும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பிரான்சில் லொம்பார் என்ற பீரங்கிப் பள்ளி ஆசிரியர், ஆய்லரின் உரையோடு ராபின்ஸின் நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பள்ளியில் பயின்ற ஓர் இளம் அதிகாரி ராபின்ஸைப் படித்துக் குறிப்பெடுத்தார். அவர் நெப்போலியன். ஆங்கிலேயக் கம்பெனி விலைகொடுத்து அழைத்துவந்த அறிவு எதிரியின் பள்ளியில் பாடமானது. அச்சேறிய அறிவுக்கு அரண் கிடையாது.

கடலூர், சிதம்பரம் மக்களிடம் என்ன தங்கியது என்று கேட்டால்தான் மனம் கனக்கிறது. கோட்டைக்குச் செங்கல் சுட்டவர்களும், மண் சுமந்தவர்களும், கப்பலிலிருந்து பீரங்கிகளைச் சலங்குகளில் கரைசேர்த்தவர்களும் இந்தக் கரையினர். ராபின்ஸின் மேசைக்கு அருகே அமர்ந்து கணக்குக் கற்றவர்களில் நம்மவர் யாரும் பதிவாகவில்லை. கைத்திறனுக்கு நம்மிடம் குறைவிருக்கவில்லை. 1780-இல் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலப் படையைக் கலங்கடித்த மைசூர் ராக்கெட்டுகளின் இரும்புக்குழாய், அன்றைய ஐரோப்பாவில் இல்லாத முன்னேற்றம். ராபின்ஸோ 1749-இல், லண்டன் வாணவேடிக்கையில் எழுந்த ராக்கெட்டுகளின் உயரத்தை அளந்து ராயல் சொசைட்டி இதழில் எழுதியவர். அந்த அளவுகோலும் இந்தக் கைவினையும் இம்மண்ணில் சந்திக்கவேயில்லை. 1799-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் வுல்விச்சில்தான் சந்தித்தன. மைசூர் ராக்கெட்டுகளை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகள் 1806-இல் பூலோன் துறைமுகத்தின்மீது பாய்ந்தன. மைசூரின் கொல்லர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை.

புனித டேவிட் கோட்டை வீழ்ந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1958-இல், இந்தியா தன் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 2001-இல் ஆயுத உற்பத்தியில் தனியார் நுழைய வழி திறந்தது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகியவை அதன் ஐந்து மையங்கள். கடலூர் அப்பட்டியலில் இல்லை. ஆனால் கோயில் கோபுரங்கள் கண்ணில் படும் தொலைவில், 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1945 முதல் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. ராபின்ஸின் காலத்தில் இங்கே இல்லாத ஒன்று அது.

இவ்வகைக் கூட்டுமுயற்சிகளைப் பற்றிய பேச்சில் முதலீட்டின் அளவும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையும் முன்னே வருகின்றன. 1750-இன் அனுபவம் வேறு மூன்று கேள்விகளை நம்முன் வைக்கிறது. ஆராய்ச்சியாளரின் பக்கத்தில் அமர்ந்து கற்கும் இளைஞன் யார்? கண்டறிந்தவற்றுள் எவ்வளவு அச்சாகி வகுப்பறைக்கு வரும்? தொழிற்கூடத்துக் கைத்திறன்காரருக்கும் கணிதம் கற்றவருக்கும் ஒரே மேசையில் இடம் உண்டா? தன் நிலம் எங்கே முடிகிறது என்பதை யாரோ ஒருவருடைய பீரங்கிக் குண்டு விழும் இடத்தைக் கொண்டு அறிந்துகொண்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிடும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் பிழையில்லை. அதை யார் நிலத்தின்மீது, எதற்காகச் சுடுகிறோம் என்று கேட்கும் உரிமையும் அந்தக் கல்வியோடு சேர்ந்தே வர வேண்டும்.