கடன் கொப்பியும் கூப்பன் புத்தகமும்

அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் கடன் எழுதுவதைப் பற்றியது. சூறா அல்பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் பணிக்கிறது. அதற்கு இரண்டு வசனங்கள் முன்னே, கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்குமாறு கூறப்பட்டுள்ளது. இவ்விரு கட்டளைகளும் அன்றாடம் பரீட்சிக்கப்பட்ட இடமாக நமது கிராமத்துச் சில்லறைக் கடையைக் கொள்ளலாம். ஆயினும் நமது வரலாற்றெழுத்தில் பெரு வணிகர்களும் துறைமுகங்களும் பெற்ற இடத்தை இந்தச் சிறிய கடை பெறவில்லை.

கண்டி, கேகாலை, குருநாகல் பகுதிகளில் சிங்களக் கிராமங்களின் நடுவே இருந்த முஸ்லிம் கடைகளை எடுத்துக்கொள்வோம். பலகைக் கதவு, தராசு, சாக்குகளில் அரிசியும் பருப்பும் செத்தல் மிளகாயும், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய சரை, மூலையில் மண்ணெண்ணெய்ப் பீப்பா. முதலாளி பொருள் விற்றதோடு நிற்கவில்லை. கிராமத்தவரிடம் மிளகு, பாக்கு, கிராம்பு முதலியவற்றை வாங்கியவரும் அவரே. ஆகவே கடன் மாதச் சம்பளத்தை அன்றி அறுவடையைப் பார்த்திருந்தது. கடையில் ஒரு கொப்பி, வாடிக்கையாளர் வீட்டில் ஒரு கொப்பி, இரண்டிலும் ஒரே கணக்கு. முன்னைய தலைமுறையினரில் அறபுத் தமிழில் கணக்கெழுதியவர்களும் உண்டு. எந்த வீட்டில் சீனி குறைந்தது, எந்த மாதம் மருந்துச் சரக்குக் கூடியது, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அந்தக் கொப்பிக்குத் தெரியும்.

அதே கொப்பிதான் குற்றச்சாட்டுக்கும் ஆதாரமாக்கப்பட்டது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களிலேயே பல மாவட்டங்களுக்குப் பரவியது. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து கடை வைத்திருந்த கரையோரச் சோனகர் முதல் இலக்காயினர். இலங்கைச் சோனகரும் தப்பவில்லை. யுத்தகாலத்தில் விலையை ஏற்றினார்கள், கடனைக் கொடுத்துக் காணியைப் பிடித்தார்கள் என்பவை அவர்கள் மீதான பிரதான குற்றச்சாட்டுகளாகும். ஈட்டுக் கடனால் காணி கைமாறியதே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது என்பது என் எண்ணம். ஆனால் எத்தனை பேரின் காணி போனது, எத்தனை பேரின் கடன் அறவிடப்படாமலே விடப்பட்டது? குற்றஞ்சாட்டியோரின் எழுத்துகள் நூலகங்களில் இருக்கின்றன. கணக்குக் கொப்பிகள் இல்லை.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது நுகர்வின் கணக்கு அரசாங்கத்தின் கைக்கு மாறியது. கூப்பன் புத்தகம் வந்தது. கூட்டுறவுக் கடைகள் சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பெருகின. தலைக்கு இத்தனை கொத்து என்ற அளவு அரசியலின் அளவாகவும் ஆயிற்று. 1953இல் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும் ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1966இல் அவரது அரசாங்கமே இரண்டு கொத்தை ஒரு கொத்தாகக் குறைத்து, அதனை இலவசமாக்கியது. (இப்போது வகுப்பில் ‘கொத்து’ என்றால் பிள்ளைகளுக்குக் கொத்து ரொட்டிதான் நினைவுக்கு வருகிறது.)

எழுபதுகளின் பஞ்சத்தை மூத்தவர்கள் பாண் கியூவாகவும் மரவள்ளிக் கிழங்காகவுமே நினைவுகூர்கின்றனர். சங்கக்கடையில் முகாமையாளரின் தயவு வேண்டியிருந்தது. ஆனால் கூப்பன் கையில் இருந்தால் இனமோ முகமோ பார்க்காமல் பங்கு கிடைக்க வேண்டும் என்ற உரிமையும் இருந்தது. முதலாளியின் கடனில் இரக்கம் உண்டு, உரிமை இல்லை. கிராமத்துக் கடையைப் புகழ்வோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் எனப் பங்கீடு சுருக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரை அதனிடத்தைப் பிடித்தது.

திறந்த பொருளாதாரத்தின் கடை, 1983இல் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் திறக்கப்பட்ட முதலாவது ஃபூட் சிட்டி. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் கம்பனி, வெள்ளைக்காரருக்கும் நகரத்து மேல்தட்டினருக்கும் விற்று வந்த பழைய கம்பனிதான். பின்னர் அத்தகைய கடைகள் சிறு நகரங்களுக்கும் வந்தன. அங்கே விலை எழுதப்பட்டிருக்கிறது, பேரம் இல்லை, கடனும் இல்லை. பெண்கள் தாமே பொருளைத் தொட்டுத் தெரிந்தெடுக்கின்றனர். கடைக்கு வாப்பாவையோ பிள்ளையையோ அனுப்பிய நமது வீடுகளில் இது சிறிய மாற்றமன்று. கொப்பியும் ஒழிந்துவிடவில்லை: புள்ளி சேர்க்கும் அட்டை மூலம் நமது வீட்டுச் சாமான் பட்டியல் இப்போது கம்பனியின் கணினியில் எழுதப்படுகிறது. அதன் பிரதி நம்மிடம் இல்லை.

முகம் தெரிந்த கடையில் ஹலாலுக்கு முத்திரை தேவைப்படவில்லை. பொதி செய்த பொருளுக்குத் தேவைப்பட்டது. அந்த முத்திரையே 2013இல் பொதுபல சேனாவின் பிரசாரத்துக்கு இலக்காகி, அவ்வாண்டு மார்ச்சில் ஜம்இய்யதுல் உலமா உள்நாட்டுச் சந்தையில் அதனை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு பிரசாரம் நடந்தது. மே மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. 1915இன் குற்றச்சாட்டு கடனைப் பற்றியது. நூறாண்டின் பின் வந்தவற்றுக்கு அப்படியொரு கொடுக்கல் வாங்கல்கூட அவசியப்படவில்லை. அயலவர்கள் ஒருவரையொருவர் கொப்பியில் அறிந்திருந்த காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது.

2022 நெருக்கடியில் மீண்டும் கடன் கேட்டுக் கிராமத்துக் கடை வாசலுக்கு வந்தவர்கள் உண்டு. நாளுக்கு நாள் விலை ஏறியபோது, விற்ற பணத்தில் அதே சரக்கைத் திரும்பக் கொள்முதல் செய்ய முடியாத சிறு கடைக்காரரால் எத்தனை பேருக்குக் கொடுக்க இயலும்?

பழைய முதலாளிமாரின் வீடுகளில் இன்னும் சில கொப்பிகள் கிடக்கக்கூடும். வீட்டைத் திருத்தும்போது அவை பழைய தாளோடு தாளாகப் போய்விடுகின்றன. அத்தகைய கொப்பி வைத்திருப்போர் கொடுத்துவிட வேண்டுமென்பதில்லை. கடன்பட்டோரின் பெயர்களை மறைத்து, பொருள், அளவு, விலை, தீர்த்த திகதி ஆகிய நிரல்களையாவது படம்பிடித்து வைக்கலாம். அறபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தால் அவசரம் இன்னும் அதிகம். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஓரிருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.