ஈரெழுத்துப் பெயர்களின் அரசியல்

அறிவியல் புனைகதை வருங்காலத்தைச் சொல்வது என்பது பொதுவான எண்ணம். அதன் செவ்வியல் நாவல்களோ பெரும்பாலும் தத்தம் காலத்து அதிகாரத்தையே ஆராய்கின்றன. எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' நாவலில் உழைப்பாளரின் வழித்தோன்றல்கள் நிலத்தடியிலும், சுகவாசிகளின் வழித்தோன்றல்கள் நிலத்தின் மேலும் வாழ்கின்றனர். கெடா தோட்டங்களை அறிந்தவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. மேட்டில் துரையின் பங்களா. தாழ்வில் தொழிலாளர் லயம்.

மனிதரை அடக்க விரும்பும் அரசு முதலில் மொழியில் கை வைக்கும் என்பது இந்நாவல்களில் மீண்டும் மீண்டும் வரும் கருத்தாகும். சமியாத்தினின் 'நாம்' நாவலில் குடிமக்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. 1949-இல் வெளிவந்த ஆர்வெலின் '1984' நாவலில் அரசு அகராதியைச் சுருக்குகிறது. சொல் இல்லையெனில் எதிர்ப்பெண்ணமும் எழாது என்று நம்புகிறது.

தமிழில் இக்கருத்தைச் சுஜாதா தமக்கே உரிய வகையில் வளர்த்தார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' நாவலில், ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் அனைவர்க்கும் ஈரெழுத்துப் பெயர்களே: நிலா, சிபி, ரவி, மனோ. இயந்திர நாயும் ஜீனோதான். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். தமிழ்ப் பெயரொன்று குலதெய்வத்தையும், பாட்டனையும், ஊரையும், சில வேளைகளில் சாதியையும் சுமந்து வருவது. ஈரெழுத்தில் அவை அனைத்தும் மறைகின்றன.

சாதி மறைவது நன்றுதானே என்று மாணவர் கேட்கலாம். கேட்கவேண்டிய வினாவே அது. மறைப்பவர் யார் என்பதில் அதற்கான விடை உள்ளது.

இவ்விடத்தில் நம் நாட்டு வரலாறு துணைசெய்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கோரினர். போருக்குப் பின், கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிக்கவும் தன்மதிப்பை வளர்க்கவும் தொழிலாளர் தாமே அணிவகுத்தனர். 1947-இல் கள்ளுக்கடை மறியல் காவல்துறையுடன் மோதலாக முற்றியது.

பெரட்டுக்களத்திலும் வரிசை உண்டு. தொண்டர் படையிலும் வரிசை உண்டு. முன்னது பிறர் நிறுத்திய வரிசை. பின்னது தாமே நின்ற வரிசை. சுஜாதாவின் நாவல் காட்டும் ஒருமை முன்னதைச் சார்ந்தது. மக்கள் போராடிப் பெறுவது சமத்துவம். ஆள்வோர் விதிப்பது வெறும் ஒரேமாதிரித்தன்மை. வகுப்பறையில் இந்நாவல்களைப் பயிற்றும் ஆசிரியர்கள், இயந்திரங்களோடு இந்த வேறுபாட்டையும் எடுத்துக்காட்டுதல் வேண்டும்.