ஈமாக்ஸ் உரைதிருத்தியின் வரலாறு: மாற்றியமைக்கும் உரிமையும் பழுது காணும் முறையும்

முன்னுரை

கணினி நிரல்களை எழுதவும் திருத்தவும் நிரலர்கள் பயன்படுத்தும் மென்பொருள் உரைதிருத்தி எனப்படும். கடிதமும் கட்டுரையும் எழுத உதவும் சொற்செயலியிலிருந்து இது வேறுபட்டது. எழுத்தின் பருமன், நிறம், பக்க அழகு ஆகியவை இதற்கு முதன்மையல்ல. எழுத்துகளை விரைவாகச் சேர்ப்பது, நீக்குவது, தேடுவது, இடம் மாற்றுவது ஆகியவையே இதன் வேலை.

இவ்வகை மென்பொருள்களில் மிகப் பழையனவும் இன்றும் வழக்கில் இருப்பனவும் ஒரு சிலவே. அவற்றுள் ஒன்று ஈமாக்ஸ். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இது பிறந்தது. அக்காலக் கணினிகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. ஈமாக்ஸ் மட்டும் மாணவர்களின் மடிக்கணினிகளில் இயங்கிக்கொண்டிருக்கிறது. பயனர் தம் விருப்பப்படி இதை மாற்றியமைத்துக்கொள்ளலாம் என்பதே இந்த நீண்ட ஆயுளுக்கு முதற்காரணம். ஆனால் அந்த உரிமையே இதன் பெரும்பாலான பழுதுகளுக்கும் காரணமாக இருந்துள்ளது. இவ்விரண்டும் எவ்வாறு சேர்ந்தே வளர்ந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காகித நாடாவும் டெக்கோவும்

1960களின் தொடக்கத்தில் நிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களில் சேமிக்கப்பட்டன. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் நாடாவை மீண்டும் துளையிட வேண்டியிருந்தது. இச்சிரமத்தைக் குறைக்க, எம்.ஐ.டி.யில் டான் மர்ஃபி என்பவர் 1962-இல் பி.டி.பி.-1 கணினிக்காக டெக்கோ என்னும் நிரலை எழுதினார். நாடாவைத் திருத்துவது, பிழை நீக்குவது என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே டெக்கோ.

இன்று நாம் ஒரு விசையை அழுத்தினால் அந்த எழுத்து திரையில் தோன்றுகிறது. டெக்கோவில் அப்படியன்று. அழுத்தும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. எழுத்தைச் சேர்க்க ஒரு கட்டளை, நீக்க ஒரு கட்டளை எனத் தொடர்ச்சியாக எழுதி, இறுதியில் இயக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் உரை மாறும். கட்டளைகள் ஒற்றை எழுத்துகளாக இருந்ததால், தம் பெயரைக் கட்டளையாகத் தட்டினால் என்ன விளையும் என்று கண்டுபிடிப்பது அக்கால நிரலர்களுக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது.

இத்தகைய கட்டளைத் தொடர்களைச் சேமித்து வைத்து, வேண்டும்போது அழைக்கும் வசதியும் டெக்கோவில் இருந்தது. சேமிக்கப்பட்ட தொடருக்கு மேக்ரோ என்று பெயர். ஈமாக்சின் விதை இதுவே.

ஆளுக்கொரு விசைப்பலகை

எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவாய்வகத்தில் 1970களின் முற்பகுதியில் டெக்கோவுக்குத் திரை வந்தது. திருத்தும்போதே உரையைக் கண்ணால் காணும் முறையை கார்ல் மிக்கெல்சன் சேர்த்தார். பின்னர் ரிச்சர்டு ஸ்டால்மன் அதை விரிவாக்கி, எந்த விசையை அழுத்தினாலும் பயனர் எழுதிய ஒரு மேக்ரோ இயங்கும்படி செய்தார்.

இதன் விளைவு எதிர்பாராதது. ஆய்வகத்தில் இருந்தோர் ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற மேக்ரோக்களை எழுதத் தொடங்கினர். பல தொகுப்புகள் உருவாயின. ஒருவர் முனையத்தில் ஒரு சொல்லை நீக்கும் விசை, இன்னொருவர் முனையத்தில் வேறு ஏதோ செய்தது. நண்பரின் நிரலில் உள்ள பிழையைக் காண உதவிக்குச் சென்றவர், முதலில் அந்த நண்பரின் விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. அவரவர் வசதிக்காகச் செய்த மாற்றம், ஒருவருக்கொருவர் உதவுவதற்குத் தடையாக நின்றது.

1976-இல் கை ஸ்டீல் இதற்குத் தீர்வு காண முற்பட்டார். பல தொகுப்புகளைப் பயன்படுத்தியோரின் கருத்துகளைத் திரட்டி, பொதுவான ஒரு விசை ஒழுங்கை வகுக்கும் வேலையைத் தொடங்கினார். அதனை முடித்து முழுமையாக்கியவர் ஸ்டால்மன். ‘எடிட்டிங் மேக்ரோஸ்’ என்னும் சொற்களின் சுருக்கமாக அதற்கு ஈமாக்ஸ் என்று பெயரிடப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாற்றியமைக்கும் உரிமையை அவர்கள் பறிக்கவில்லை. எல்லார்க்கும் பொதுவான ஓர் அடித்தளத்தை அமைத்து, அதன்மேல் அவரவர் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். ஈமாக்சைப் பெற்றவர்கள் தாம் செய்யும் மேம்பாடுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் ஸ்டால்மன் விதித்தார். நல்ல மாற்றங்கள் பொது அடித்தளத்துக்கே வந்துசேர அது வழிசெய்தது.

தன்னைத்தானே விளக்கும் மென்பொருள்

விசைகளை மாற்றிவிட்டால் அச்சிட்ட கையேடு பயன்படாது. இந்த விசை இன்று, இந்தக் கணினியில் என்ன செய்கிறது என்பதை மென்பொருளே சொல்ல வேண்டும். ஆகவே ஈமாக்சின் உள்ளேயே உதவி அமைப்பு வைக்கப்பட்டது. கண்ட்ரோல் விசையுடன் ‘எச்’ அழுத்தி, அடுத்து ‘கே’ அழுத்திவிட்டு ஏதேனும் ஒரு விசையைத் தொட்டால், அவ்விசையின் இன்றைய வேலையை அது விளக்கும். ‘கே’க்குப் பதில் ‘வி’ அழுத்தினால் ஓர் அமைப்பின் தற்போதைய மதிப்பைக் காட்டும். ‘எல்’ அழுத்தினால், தெரியாமல் எதையோ தட்டிவிட்டுத் திகைத்து நிற்பவருக்கு, அண்மையில் அழுத்திய விசைகளை வரிசையாகக் காட்டும். ஸ்டால்மன் 1981-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘விரிவாக்கத்தக்க, தனிப்பயனாக்கத்தக்க, தன்னை விளக்கும்’ என்னும் மூன்று அடைமொழிகள் இடம்பெற்றன.

மாற்றியமைத்தல் நிரலர்க்கு மட்டுமே உரிய கலை அன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1978-இல் பெர்னார்ட் கிரீன்பெர்க் மல்டிக்ஸ் கணினிக்காக லிஸ்ப் மொழியில் ஓர் ஈமாக்சை எழுதினார். அவருடைய அலுவலகத்தின் செயலாளர்களும் அதைப் பயன்படுத்தினர். அவர்களுக்குத் தரப்பட்ட கையேடு, ஈமாக்சை விரிவாக்கும் வழியைச் சொன்னது. ஆனால் அதற்கு நிரலாக்கம் என்று பெயர் சொல்லவில்லை. நிரல் எழுத நமக்கு வராது என்று எண்ணியிருந்த அவர்கள் அஞ்சாமல் எழுதினர் என்று ஸ்டால்மன் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். கற்பிப்போர் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது.

திருத்தும் உரிமை யாருடையது?

1981-இல் ஜேம்ஸ் காஸ்லிங் யூனிக்ஸ் கணினிகளுக்காக சி மொழியில் ஓர் ஈமாக்சை எழுதினார். பிற்காலத்தில் ஜாவா மொழியை உருவாக்கியவரும் இவரே. முதலில் தாராளமாகப் பகிரப்பட்ட அந்நிரல், பின்னர் யூனிபிரஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் பிறகு, பிறர் அதைத் தம் விருப்பப்படி மாற்றிப் பகிர்வது சிக்கலாயிற்று.

ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1984-இல் குனு ஈமாக்சை எழுதத் தொடங்கினார். அதன் தொடக்கப் பதிப்புகளில் திரையில் உரையைக் காட்டும் பகுதிக்குக் காஸ்லிங்கின் நிரல்வரிகள் சில பயன்பட்டன. யூனிபிரஸ் எதிர்ப்புத் தெரிவித்ததும், 1985-இல் அப்பகுதியை அவர் புதிதாகவே எழுதினார். அவ்வாண்டில் காந்த நாடாவில் பதித்த குனு ஈமாக்ஸ் 150 டாலருக்கு அஞ்சலில் கிடைத்தது. விலை நாடாவுக்கும் வேலைக்குமே. நிரலைப் பார்க்கவும் மாற்றவும் படியெடுக்கவும் வாங்கியவர்க்கு முழு உரிமை இருந்தது. குனு ஈமாக்சுக்காக எழுதப்பட்ட உரிமம், 1989-இல் வெளிவந்த குனு பொது உரிமத்துக்கு முன்னோடியாயிற்று. கட்டற்ற மென்பொருள் என்று நாம் இன்று சொல்வதற்குச் சட்ட வடிவம் அமைந்ததில் ஓர் உரைதிருத்திக்கும் பங்கு உண்டு.

பழைய கருவிகள் விட்டுச்சென்ற தொல்லைகள்

புதிதாக ஈமாக்சைக் கற்போர் சந்திக்கும் சில இடர்களுக்கு விடை வரலாற்றில் உள்ளது.

பின்னழிப்பு விசை: ஓர் எழுத்தை அழிக்க பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் உதவித் திரை வந்து நிற்கும் தொல்லை பலரைத் திகைக்க வைத்தது. ஆஸ்கி குறியீட்டில் பேக்ஸ்பேசும் ‘கண்ட்ரோல்-எச்’சும் ஒரே எண், அதாவது 8. அந்த எண்ணை அனுப்பும் முனையங்களில், பயனர் அழிக்கச் சொல்கிறாரா, உதவி கேட்கிறாரா என்று ஈமாக்சால் பிரித்தறிய இயலாது. இதற்கெனத் தனி அமைப்பு ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது.

உறைந்த திரை: பழைய முனையங்கள் வேகம் குறைந்தவை. எழுத்துகள் விரைந்து வந்தால் ‘நிறுத்து’ என்பதற்கு ‘கண்ட்ரோல்-எஸ்’, ‘தொடர்க’ என்பதற்கு ‘கண்ட்ரோல்-கியூ’ என்னும் சைகைகளை அவை அனுப்பின. ஈமாக்சிலோ ‘கண்ட்ரோல்-எஸ்’ தேடும் கட்டளை. தேட முயன்றவரின் திரை உறைந்தது. கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்தால் எழுதியது போய்விடும். ‘கண்ட்ரோல்-கியூ’ அழுத்தினால் போதும். இன்றைய லினக்ஸ் முனையச் சாளரங்களில் ஈமாக்சுக்கு வெளியே இதே உறைதலை இன்னும் காணலாம்.

மெட்டா விசை: ஈமாக்ஸ் கையேடுகள் ‘மெட்டா’ என்ற விசையை ஓயாமல் குறிப்பிடும். நம் விசைப்பலகையில் அது இல்லை. எம்.ஐ.டி.யின் அக்கால விசைப்பலகைகளில் அது இருந்தது. இன்று ஆல்ட் விசை அதன் இடத்தை நிரப்புகிறது. எஸ்கேப் விசையை முதலில் அழுத்திவிட்டும் அதே பயனைப் பெறலாம்.

தொடக்கக் கோப்புகள்: ஈமாக்ஸ் திறக்கும்போது பயனரின் மாற்றங்கள் அடங்கிய தொடக்கக் கோப்பைப் படிக்கும். முதலில் அது ‘.ஈமாக்ஸ்’ என்ற ஒரே கோப்பாக இருந்தது. பிறகு ‘.ஈமாக்ஸ்.டி’ என்ற கோப்புறைக்குள் ‘இனிட்.இஎல்’ என்று வைக்கும் வழக்கம் வந்தது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பு மூன்றாவதாக ஓர் இடத்தையும் ஏற்றது. பழைய கோப்பு எங்கேனும் தங்கியிருந்தால் அதற்கே முன்னுரிமை. புதிய கோப்பில் எழுதிய எதுவும் நடைமுறைக்கு வராது. எழுதிய மாற்றம் ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புவோர் முதலில் தேட வேண்டியது மறந்துபோன அந்தப் பழைய கோப்பைத்தான்.

பழுது காணும் முறை

1997-இல் 20-ஆம் பதிப்பில், நிரல் எழுதாமலே பட்டியலிலிருந்து தேர்ந்து அமைப்புகளை மாற்றும் வசதி வந்தது. 2012-இல் 24-ஆம் பதிப்பில், பிறர் எழுதிய நீட்சிகளை நேரே இறக்கி நிறுவும் வசதி சேர்ந்தது. மாற்றங்கள் எளிதானதும், பழுதின் மூலம் எது என்று காண்பது கடினமாயிற்று. இதற்கு ஈமாக்ஸ் பயனர்களிடம் தெளிவான ஒழுங்கு உண்டு.

முதற்படி, மாற்றங்கள் எதுவும் இல்லாத ஈமாக்சைத் திறப்பது. கட்டளை வரியில் ஈமாக்ஸ் என்ற சொல்லை அடுத்து ஒரு சிறு கோடும் பெரிய ‘கியூ’ எழுத்தும் இட்டால், தொடக்கக் கோப்பைத் தொடாமல் அது திறக்கும். பழுது அங்கேயும் தோன்றினால் குறை ஈமாக்சில் இருக்கலாம். தோன்றாவிட்டால் குறை நம் மாற்றங்களில் உள்ளது. வழுவை அறிவிப்போர் முதலில் இச்சோதனையைச் செய்துபார்க்க வேண்டும் என்பதே வழக்கம்.

இரண்டாம் படி, பாதியாக்கிப் பார்ப்பது. தொடக்கக் கோப்பில் 200 வரிகள் இருந்தால், 100 வரிகளைத் தற்காலிகமாக நீக்கித் திறக்க வேண்டும். பழுது மறைந்தால் அது நீக்கிய பாதியில் உள்ளது. மறையாவிட்டால் எஞ்சிய பாதியில் உள்ளது. அந்தப் பாதியையும் அவ்வாறே பிரிக்க வேண்டும். குறை ஒரே வரியில் இருக்குமானால், எட்டுச் சோதனைகளுக்குள் அவ்வரி கிடைத்துவிடும். இரண்டின் எட்டாம் அடுக்கு 256 என்பதை அறிந்த மாணவர்க்கு இதன் காரணம் விளங்கும்.

மூன்றாம் படி, தொடக்கத்திலேயே பிழைச்செய்தி வந்தால் ‘டீபக்-இனிட்’ என்ற விருப்பத்துடன் திறப்பது. எந்தக் கட்டளை எதை அழைத்தபோது தடுமாறியது என்ற வழித்தடத்தை அது காட்டும்.

எழுபத்தைந்து சென்ட் வேறுபாடு

தவறான ஓர் அமைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 1986-ஆம் ஆண்டின் நிகழ்வு எடுத்துக்காட்டு. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் வேறுபாடு வந்தது. காரணம் காணும் பணி வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டாலிடம் தரப்பட்டது. யாரோ அத்துமீறி நுழைந்திருப்பதை அவர் கண்டறிந்தார்.

குனு ஈமாக்சுடன் வந்த ‘மூவ்மெயில்’ என்னும் சிறு நிரல், அஞ்சல் கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது. ஆய்வகத்தில் அது நிர்வாகியின் முழு அதிகாரத்துடன் இயங்கும்படி நிறுவப்பட்டிருந்தது. எனவே அதைக் கொண்டு எந்தக் கோப்பையும் எங்கும் நகர்த்த முடிந்தது. நுழைந்தவர் தம் நிரலைக் கணினியின் உள்நிரல் ஒன்றின் இடத்தில் வைத்து நிர்வாகியின் அதிகாரத்தையே பெற்றார். அங்கிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துழாவினார். தடம் மேற்கு செருமனியின் ஹனோவர் நகரில் முடிந்தது. இதனை ஸ்டால் 1989-இல் நூலாக எழுதினார். தேவைக்கு மிஞ்சிய அதிகாரத்தை ஒரு நிரலுக்குக் கொடுத்ததே நுழைவாயிலாயிற்று.

தமிழும் ஈமாக்சும்

சப்பானில் கெனிச்சி ஹண்டாவும் குழுவினரும் உருவாக்கிய ‘மியூல்’ என்னும் பன்மொழி விரிவாக்கம், 20-ஆம் பதிப்பில் ஈமாக்சுடன் இணைந்தது. 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பு ஒருங்குறியை உள்ளமைப்பாக ஏற்றது. இன்று ஈமாக்சில் ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையிலும் இன்ஸ்கிரிப்ட் முறையிலும் தமிழை உள்ளிடலாம். பல மொழிகளின் வாழ்த்துச் சொற்களைக் காட்டும் அதன் மாதிரிக் கோப்பில் ‘வணக்கம்’ என்பதும் உண்டு.

தமிழைத் திரையில் காட்டுவதற்கும் தனி உழைப்பு தேவைப்பட்டது. ‘கெ’ என்னும் எழுத்தில் ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கண்ணுக்கோ கொம்பு முன்னே தெரிய வேண்டும். இவ்வரிசை மாற்றத்தைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்னும் நூலகத்தை 27-ஆம் பதிப்பு ஏற்றுக்கொண்டது. தமிழுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், தக்க எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்துருவை நிறுவி, தமிழுக்கு அதையே பயன்படுத்துமாறு தொடக்கக் கோப்பில் குறிப்பிட்டால் சரியாகும்.

முடிவுரை

1976-இல் எம்.ஐ.டி.யில் எழுந்த சிக்கல் ஒவ்வொரு கணினி ஆய்வகத்திலும் இன்றும் எழக்கூடியது. அதற்கு ஈமாக்ஸ் கண்ட விடைகள் மூன்று: எல்லார்க்கும் பொதுவான அடித்தளம், மாற்றிய நிலையிலும் தன்னை விளக்கும் உதவி அமைப்பு, மாற்றங்களை ஒதுக்கிவிட்டுத் தூய நிலைக்குத் திரும்பும் வழி. புதிதாகத் தனிப்பயனாக்கத் தொடங்கும் மாணவர்கள் ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்து, அதன் காரணத்தைத் தொடக்கக் கோப்பிலேயே ஒரு வரிக் குறிப்பாக எழுதிவைப்பது நல்லது. சில ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறந்து பழுது தேடும்போது அக்குறிப்பு கைகொடுக்கும்.