8 ஆல்பம், 14 வருஷம்... புகழோடு இருந்தும் பாடுவதை விட்ட பாடகர்: யார் இந்த பில் விதர்ஸ்?

விமானத்துக்குக் கழிவறை இருக்கை செய்யும் ஆலையில் வேலை. வயது 32. கையில் ஒரு ரெக்கார்டு ஒப்பந்தம் வந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. காரணம் எளிது: இசை உலகத்தை நம்ப முடியாது என்று நினைத்தார். பின்னாளில் அது சரியாகத்தான் போச்சு.

1938-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர் பில் விதர்ஸ். சின்ன வயதில் திக்குவாய். 13 வயதில் தந்தையை இழந்தார். 9 வருடம் கடற்படையில் இருந்துவிட்டு, 1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். சம்பளத்தை மிச்சம் பிடித்து, சொந்தக் காசில் பாட்டைப் பதிவு செய்து கம்பெனி கம்பெனியாகக் கொடுத்தார். கடைசியில் கிளாரன்ஸ் அவான்ட் நடத்திய சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

முதல் ஆல்பத்தில் என்ன நடந்தது?

1971-ல் வந்த 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தாலே கதை புரியும். கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறார். மதிய உணவு இடைவேளையில், வேலை பார்த்த இடத்திலேயே எடுத்த படம் அது.

தயாரிப்பு புக்கர் டி. ஜோன்ஸ். 'ஹார்லெம்' என்ற பாட்டைத்தான் முதலில் கம்பெனி முன்னிறுத்தியது. ஆனால் வானொலி அறிவிப்பாளர்கள் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கத்தில் இருந்தது 'எய்ன்ட் நோ சன்ஷைன்'. அதில் ஒரே சொற்றொடர் 26 முறை திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்துக்கு வரிகள் எழுத வேண்டும் என்றுதான் விதர்ஸ் நினைத்திருந்தார். கூட இருந்த கலைஞர்கள், "அப்படியே விட்டுடு" என்றார்கள். விட்டார். கிராமி விருது கிடைத்தது.

அடுத்த ஆண்டே 'ஸ்டில் பில்'. அதில் வந்த 'லீன் ஆன் மீ' பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம் பிடித்தது. புதிதாக வாங்கிய பியானோவில் விரல்கள் வரிசையாக ஏறி இறங்கியதில் பிறந்த மெட்டு. ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருந்த சுரங்க ஊர் வாழ்க்கைதான் பாட்டின் கரு. அவர் எழுதியதிலேயே இதைவிட எளிமையான பாட்டு இல்லை, இதைவிடப் பெரிய பாட்டும் இல்லை.

பிறகு ஏன் விலகினார்?

பணத் தகராறில் சசெக்ஸோடு உறவு முறிந்தது. பதிவு செய்து வைத்திருந்த ஒரு முழு ஆல்பத்தையே கோபத்தில் அழித்துவிட்டதாக அவரே பிறகு பேட்டியில் சொன்னார். 1975-ல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

அடுத்து கொலம்பியா. 1977-ல் வந்த 'லவ்லி டே' பாட்டின் முடிவில் ஒரே சுரத்தை சுமார் 18 விநாடி மூச்சுவிடாமல் பிடிப்பார். இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், மலைப்பாக இருக்கும். ஆனால் உள்ளே நிலைமை சரியில்லை. எல்விஸ் பிரெஸ்லி பாடியதைத் திரும்பப் பாடச் சொன்னார்கள். சொந்தமாக எழுதிப் பாடுகிறவருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? 1978-க்குப் பிறகு 7 வருடம் தனி ஆல்பமே வரவில்லை. அந்த இடைவெளியில் சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரோடு பாடிய 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' 1981-ல் பெரிய வெற்றி பெற்றது. அது இன்னொருவரின் ஆல்பத்தில் வந்த பாட்டு என்பதுதான் வேடிக்கை.

1985-ல் வந்த எட்டாவது ஸ்டூடியோ ஆல்பம்தான் கடைசி.

வருமானம்?

பாடுவதை நிறுத்தினாலும், எழுதியவருக்கான உரிமை இருக்கிறது. 1987-ல் கிளப் நூவோ குழு 'லீன் ஆன் மீ'யை மறுபடி பாடி முதலிடம் பிடித்தபோது, பாடலாசிரியர் என்ற முறையில் கிராமி போனது விதர்ஸுக்கு.

2015-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்து வைத்தவர் ஸ்டீவி வொண்டர். மீண்டும் பாட வருவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். 2020 மார்ச் 30-ல், 81 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். கொரோனா ஊரடங்கில் மக்கள் 'லீன் ஆன் மீ'யைப் பாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.