ரவாங்கில் எரிந்த முதல் விளக்கு

நான் ரவாங்கிலிருந்தே தொடங்குகிறேன். 1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ரவாங்கிலிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி இயந்திரம் நிறுவினார்கள். மலாயாவில் மின்சாரத்தின் கதை அங்கேதான் தொடங்கியது என்கிறது வரலாறு. (பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமிப் பிள்ளைதான்.) அன்று சிரிம் ஏது, முத்திரை ஏது?

சரியாக நூறாண்டு கழித்து, 1994-இல் மின்சார விதிமுறைகள் வந்தன. பட்டியலிலுள்ள மின்சாதனங்களை அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்றானது. தரமற்ற பிளக் ஒன்று வீட்டையே கொளுத்திவிடுமே!

ஆனால் பழைய பொருள்களின் சிக்கல் வேறு. கழிவு என்றால் 1989-ஆம் ஆண்டு பாசெல் உடன்படிக்கை குறுக்கே நிற்கும். மலேசியா அதில் 1993-இல் சேர்ந்தது. "பயன்படுத்திய கணினி" என்று பத்திரத்தில் எழுதிவிட்டால்? அது வெறும் சரக்கு! எழுதுகிறவர் எதை எழுதுவார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் மின்கழிவுக்குத் தனிக் குறியீடு தந்தன. பழையது எது, கழிவு எது என்று பிரிக்க 2008-இல் சுற்றுச்சூழல் துறை வழிகாட்டி வெளியிட்டது. தயாரித்து மூன்றாண்டு தாண்டிய சாதனத்தைக் கழிவாகவே கொள்ளலாம் என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். பத்திரம் பொய் சொல்லலாம்; கணினியின் முதுகில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

2025 ஜனவரி 1 முதல், அபாயமற்ற மின்கழிவுக்கும் இறக்குமதி நாட்டின் முன்அனுமதி தேவை என்று பாசெல் விதி இறுகியது. இருந்தும், கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலனைத் திறந்து அந்தத் தேதியைப் படிக்க ஓர் ஆள் வேண்டும்.