அசினே: ஒரு கடற்கரையின் வரலாறு

கிரேக்கத்தின் ஆர்கோலிஸ் பகுதியிலுள்ள தோலோ, மீன்பிடிக் கிராமமாயிருந்து இருபதாம் நூற்றாண்டில் உல்லாசப் பயணிகளின் கடற்கரை விடுதித்தலமாக மாறியது. அங்கு கோடையைக் கழிக்க வருவோர்க்குக் கரையோரத்துக் கஸ்திராக்கிக் குன்று வெறும் இயற்கைக் காட்சியே. ஆயின் பண்டைய அசினே நகரம் அமைந்திருந்தது அக்குன்றிலேயாகும்.

ஹோமரின் இலியட் காவியம், துரோய்ப் போருக்குக் கப்பல் அனுப்பிய நகரங்களின் பட்டியலில் அசினேயின் பெயரை மட்டுமே குறிப்பிடுகின்றது. 1922இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் அங்கு அகழ்வாய்வைத் தொடங்கினர். நவீன கிரேக்கக் கவிஞர் செபெரிஸ், பெயரறியாத அந்நகர மன்னனைத் தேடுவதாகக் கவிதை படைத்தார். மன்னனின் நிலையே இதுவாயின், உழைத்த மக்களின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

எனினும், கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பௌசானியாஸ் அம்மக்களைப் பற்றிய செய்தியொன்றைத் தருகின்றார். ஸ்பார்ட்டாவுடன் சேர்ந்து தன்னைத் தாக்கியமைக்காக, அண்டை அரசான ஆர்கோஸ் அசினேயை அழித்தது. அகதிகளாகிய அசினேயருக்கு ஸ்பார்ட்டா மெசீனியாவில் நிலம் வழங்கியது. அந்நிலமோ ஸ்பார்ட்டா போரிட்டுக் கைப்பற்றியது. அதன் பழங்குடிகளான மெசீனியர் பலர் 'ஹெலட்' எனப்பட்ட அடிமை உழவராக்கப்பட்டனர். ஆக, நிலமிழந்தோர்க்குக் கிடைத்த அடைக்கலம் வேறொரு மக்களின் நிலப்பறிப்பை அடிப்படையாகக் கொண்டிருந்தது.

வர்க்க முரண்பாட்டின் இவ்வுண்மையைக் காவியமோ விடுதிகளின் விளம்பரமோ கூறுவதில்லை. அதனை எடுத்துரைப்பதே வரலாற்று மாணவரின் கடமையாகும்.